பிசிராந்தையாரின் மனைவிக்கு நரைத்ததா?

தமிழில் நட்பைப் பற்றி யார் பேச எழுந்தாலும் முதலில் வந்து நிற்பவர்கள் இரண்டு ஆண்கள். ஒருவர் சோழ நாட்டு அரசர், மற்றவர் பாண்டிய நாட்டுப் புலவர். நேரில் பார்த்துக்கொள்ளாமலேயே நண்பர்களாக இருந்தவர்கள். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பிசிராந்தையார் தேடி வந்து உடன் உயிர்விட்டார். பள்ளிப் பாடநூல் முதல் பட்டிமன்ற மேடை வரை இந்தக் கதையைக் கேட்டு வளராத தமிழர் இல்லை. அதன் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. பிசிராந்தையார் சொன்னதாக உள்ள இன்னொரு செய்தியைத்தான் இங்கே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

இத்தனை வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விடை புறநானூற்றின் 191ஆம் பாடலாக இருக்கிறது. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தன் மனமறிந்து நடக்கும் ஏவலர், தீயன செய்யாமல் காக்கும் அரசன், இவற்றோடு தன் ஊரிலேயே அடக்கமுடைய சான்றோர் பலர் இருப்பது ஆகியவற்றை அவர் காரணங்களாக அடுக்குகிறார். முதுமை என்பது உடம்பின் கணக்கு மட்டும் அன்று, ஒருவன் எத்தகையவர்களோடு எந்த ஊரில் வாழ்கிறான் என்பதன் கணக்கும்தான் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்ட பாடல் அது. வியந்து பாராட்டுவோம். பாராட்டி முடித்த பிறகு ஒரு கேள்வியைக் கேட்போம். அந்தப் பட்டியலில் முதலில் நிற்கும் மனைவிக்கு நரைத்ததா? கணவனின் தலை கறுப்பாக இருக்கத் தான் ஒரு காரணமான அந்த அம்மையாருக்கு, அதே ஊரில், மனம்விட்டுப் பேச யார் இருந்தார்கள்? அந்தச் 'சான்றோர் பலர்' என்பதில் ஒரு பெண்ணாவது உண்டா?

விதண்டாவாதம் என்பார்கள். புலவர் தம்மைப் பற்றிக் கேட்டதற்குத் தம்மைப் பற்றிச் சொன்னார், அவ்வளவுதான் என்பார்கள். ஒரு பாட்டில் இல்லாததைக் கேட்டால் அது விதண்டாவாதம். ஓர் இலக்கிய மரபு முழுவதிலும் தேடிக் கிடைக்காததைக் கேட்டால் அதற்குப் பெயர் விமர்சனம். என் வாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் நட்பை ஆண்களுக்கு ஓர் அறமாகவும் பெண்களுக்கு ஓர் ஏவலாகவும் பிரித்துக் கொடுத்தோம். அதனால் சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் ஐம்பது ஆண்டுகளாக ஒருவரையொருவர் தாங்கி வாழும் முதிய பெண்களின் நட்புக்கு நம்மிடம் பெயரே இல்லாமல் போயிற்று. பெயரில்லாத ஒன்றை உடைக்கும்போது யாருக்கும் மனம் உறுத்துவதில்லை. இன்று வீடுதோறும் நடந்துகொண்டிருப்பது அதுதான்.

சங்க அகப்பாடல்களில் தோழிக்கு என்ன குறை என்ற கேள்வி உடனே எழும். இலக்கியக் கூட்டங்களில் இதைச் சொல்லாதவர் இல்லை. தலைவியைவிடக் கெட்டிக்காரி, தலைவனையே இடித்துரைப்பவள், உலகில் எந்த மொழியில் இப்படி ஒரு பெண் பாத்திரம் உண்டு என்பார்கள். உண்மைதான். ஆனால் தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகள் என்று வரையறுக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவளுடைய நட்பு ஒரு பதவி. இரவுக்குறிக்கும் பகற்குறிக்கும் ஏற்பாடு செய்வது, தலைவனை வரைவு கடாவுவது, அறத்தொடு நிற்பது, பரத்தையிடம் சென்று திரும்பியவனுக்கு வாயில் மறுப்பது என்று அந்தப் பதவிக்குரிய கடமைகள் எல்லாம் ஓர் ஆணைச் சுற்றியே அமைந்தவை. தோழிக்குத் திருமணம் ஆயிற்றா? அவளுக்கு அறுபது வயதானபோது தலைவி அவளைத் தேடி வந்தாளா? அகத்திணை இளமையைப் பாடுவது, அதில் இதற்கெல்லாம் இடமில்லை என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அகத்திணைத் தோழியைக் காட்டி, பெண் நட்பைப் பாடியதில் நமக்கு நிகரில்லை என்று மார்தட்டுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சிலப்பதிகாரத்தில் நிலைமை கொஞ்சம் மாறுகிறது. தேவந்தி கண்ணகியின் தோழி. அவளும் கணவனைப் பிரிந்திருப்பவள். சோமகுண்டம் சூரியகுண்டம் துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்று அவள் சொல்ல, அது பெருமையன்று என்று கண்ணகி மறுக்கிறாள். இரண்டு பெண்கள் தம் துயரத்தை ஒன்றாக வைத்து எடைபோடும் இடம் அது. எல்லாம் முடிந்த பின், செவிலியோடும் அடித்தோழியோடும் புகாரிலிருந்து மதுரை வழியாக வஞ்சி வரை நடந்து போய் நிற்பவளும் தேவந்திதான். பிசிராந்தையார் நடந்த தொலைவைவிட இது குறைந்ததா? ஆனால் காப்பியம் அவளை என்ன செய்கிறது? செங்குட்டுவன் அவளைக் கண்ணகி கோட்டத்துப் பூசைக்கு நியமிக்கிறான். தோழி பூசாரியாகிவிடுகிறாள். நட்பு பக்தியில் கரைந்து மறைந்துவிடுகிறது.

இன்னும் இருவரைப் பாருங்கள். கவுந்தியடிகள் சமணத் துறவி. மாதரி ஆயர் முதுமகள். இருவரும் இளமை கடந்தவர்கள். ஒருத்தி நம்பி ஒப்படைக்க, இன்னொருத்தி ஏற்றுக்கொள்கிறாள். மதுரையில் நடந்தது தெரிந்ததும் மாதரி அடைக்கலப் பொருளை இழந்தேன் என்று தீயில் விழுகிறாள், கவுந்தி உண்ணா நோன்பிருந்து உயிர்விடுகிறார். ஓர் அரசனுக்காகப் புலவர் உண்ணாமல் உயிர்விட்டால் அது நட்புக்கு இலக்கணம். ஒரு பெண்ணின் பொருட்டு இரு மூதாட்டிகள் உயிர்விட்டால் அது கதைப்போக்கில் ஒரு செய்தி. நீர்ப்படைக் காதையில் மாடலன் சொல்லிச் செல்லும் சில வரிகளோடு அது முடிந்துவிடுகிறது. நட்பைப் பற்றி ஓயாமல் எழுதும் நம் தமிழறிஞர்கள் மாதரியையும் கவுந்தியையும் அந்த அதிகாரத்தில் சேர்த்து நான் படித்ததில்லை.

திருக்குறளுக்கு வருவோம். நட்புக்கு அதில் அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள். 81ஆவது அதிகாரமான 'பழைமை' நீண்டகால நட்பின் உரிமையைப் பேசுவது, நம் பொருளுக்கு மிக நெருங்கியது. ஆனால் பரிமேலழகர் வகுப்பின்படி இவையெல்லாம் பொருட்பாலில், அங்கவியலில் வருகின்றன. அரசுக்கு உறுப்புகளாகிய அமைச்சு, அரண், பொருள், படை ஆகியவற்றின் வரிசையில் நட்பு வைக்கப்பட்டிருக்கிறது. அதே அங்கவியலில், 91ஆவது அதிகாரம் பெண் சொல்கேட்டு நடப்பவனை எச்சரிக்கிறது. வள்ளுவர் பெண்களுக்குள் நட்பு கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. அது அவர் பேச எடுத்துக்கொண்ட பொருளாகவே இல்லை.

மொழியும் இதற்குத் துணைபோகிறது. 'நண்பன்' என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் நிலைபெற்ற பெண்பால் வடிவம் கிடையாது. ஈழத்தில் 'நண்பி' இயல்பாக வழங்குகிறது. நமக்கு அது கொச்சையாகப் படுகிறது. 'சிநேகிதி' இளம்பெண்ணுக்கு, 'தோழி' கவிதைக்கு. எழுபது வயதுப் பெண் தன் எழுபது வயதுக் கூட்டாளியை என்னவென்று சொல்வாள்? திருநெல்வேலிப் பக்கத்தில் 'மைனி' என்பாள், 'எக்கா' என்பாள், மூன்றாம் மனிதரிடம் சொல்லும்போது 'எங்க சோட்டுப் பொம்பளை' என்பாள். உறவுச்சொல்லை இரவல் வாங்கிக்கொண்டு உறவில்லாத ஒன்றைக் கட்டிக் காப்பாற்றுகிறார்கள். கேட்பவர்கள் ஏதோ சொந்தக்காரி போலிருக்கிறது என்று நினைத்து நகர்ந்துவிடுகிறார்கள்.

இனி, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைப் பார்ப்போம். பெண்களுக்கு நட்பு நிலைப்பதில்லை, கல்யாணமானால் ஆளுக்கொரு ஊர், அதனால்தான் இலக்கியமும் பாடவில்லை என்பது அது. பள்ளித்தோழியரைப் பொறுத்தவரை இது சரியே. ஆனால் இந்த வாதத்தைச் சொல்பவர்கள் அந்த ஆளுக்கொரு ஊரில் அடுத்து என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்லை. பிறந்த ஊரை விட்டு வந்த ஒருத்தி, அதேபோல் வேறோர் ஊரிலிருந்து வந்த இன்னொருத்தியை அதே தெருவில் சந்திக்கிறாள். இருவருக்கும் அந்த ஊரில் யாரும் இல்லை. இருவருக்கும் மாமியார் இருக்கிறார்கள். ஆணின் நட்பு பெரும்பாலும் அவன் பிறந்த ஊர் அவனுக்குத் தரும் சீதனம். பெண்ணின் நட்பு அவள் வந்த ஊரில் அவளாகத் தேடிச் சேர்த்தது. இருபத்திரண்டு வயதில் தொடங்கி எழுபத்திரண்டிலும் தொடர்கிறது என்றால் அதற்கு அரை நூற்றாண்டு வயது. இதைவிடப் 'பழைமை' எது?

இதற்கு ஏற்ற இடம் சிறு நகரம். கிராமத்துத் தெருவில் பெரும்பாலும் எல்லோரும் சொந்தக்காரர்கள், பகையும் பங்காளிப் பகையாகவே இருக்கும். பெருநகரத்தில் வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும். அம்பாசமுத்திரம், கடையம், முக்கூடல், ஆலங்குளம் போன்ற ஊர்களில்தான் ஒரே வாசலில் ஐம்பது ஆண்டுகள் உட்கார முடிகிறது. அந்த வட்டாரத்தின் வாசல்களை வெற்று வாசல்களாக நினைத்துவிட வேண்டாம். அவை தொழிற்கூடங்கள். மடியில் தட்டை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றிய இடங்கள். கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, இலையை நனைத்து, வெட்டி, சுற்றி, கட்டு கட்டி, ஆயிரம் என்று கணக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். கொடுத்த இலையில் ஓட்டையும் கிழிசலும் மிகுந்தால் ஆயிரம் தேறாது. குறைந்ததைச் சுற்றுபவள் தன் கைப்பொருளில் ஈடுகட்ட வேண்டும். அப்போது பக்கத்துத் தட்டிலிருந்து இலை வரும். அடுத்த வாரம் இந்தத் தட்டிலிருந்து அந்தத் தட்டுக்குப் போகும். பிரசவம், காய்ச்சல், கணவன் குடித்துவிட்டு வந்த இரவு, எல்லாவற்றுக்கும் மறுநாள் கணக்கைச் சரிக்கட்டியது இந்த இலைமாற்றுதான். பீடித் தொழிலாளர்களின் வேலை நிலைமைகளுக்கென 1966இல் சட்டம் வந்தது, 1976இல் நலநிதிச் சட்டம் வந்தது. அவற்றுக்கு முன்பும் பின்பும் நடைமுறையில் இருந்த காப்பீடு பக்கத்துத் தட்டு.

இதைத்தான் நம்மவர்கள் 'வம்பு' என்று ஒரு சொல்லில் அடக்குகிறார்கள். டீக்கடை பெஞ்சில் ஆண்கள் பேசினால் அரசியல், வாசலில் பெண்கள் பேசினால் வம்பு. தொலைக்காட்சித் தொடர்களைக் கேட்கவே வேண்டாம், இரண்டு வயதான பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தாலே மூன்றாமவள் குடியைக் கெடுக்கத்தான். வாசல் பேச்சில் பொல்லாப்பே இல்லை என்று நான் சாதிக்கப் போவதில்லை. ஆனால் யார் வீட்டில் அடி விழுகிறது, எந்தப் பெண்ணுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை குடிகாரன், எந்த டாக்டர் தேவையில்லாமல் கத்தி வைப்பவர் என்ற செய்திகள் எல்லாம் அந்தப் பேச்சில்தான் இருக்கின்றன. ஊரின் ஆவணக் காப்பகம் அது. அதற்கு எழுத்துவடிவம் இல்லை என்பதால் இழிவாகிவிடாது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறு நகரத்துத் தெரு சாதியால் ஆனது. வாசலில் கூடுபவர்கள் பெரும்பாலும் ஒரே சாதிக்காரர்கள். பீடிக் கடை வாசலில் பல சாதிப் பெண்களும் இஸ்லாமியப் பெண்களும் ஒன்றாக நிற்பார்கள். நட்பும் பிறக்கும். ஆனால் அந்த நட்பு எத்தனை முறை அடுக்களை வரை போயிருக்கிறது என்ற கேள்விக்கு இனிமையான விடை கிடையாது. நாற்பது ஆண்டு நட்பிலும் காப்பி தனி டம்ளரில் வந்த வீடுகள் உண்டு. பெண்களின் நட்பு சாதியைக் கரைத்துவிடும் என்று கவிதை எழுதுவது பொய். அந்தப் பொய்யைச் சொல்லி இந்த நட்பைப் பாராட்ட வேண்டிய தேவையும் இல்லை. பிசிராந்தையாரின் நட்பு உலகைத் திருத்தியதா என்று நாம் யாரும் கேட்டதில்லையே.

நவீன இலக்கியம் இதில் என்ன செய்தது? ஜெயகாந்தனின் 'யுகசந்தி' கௌரிப் பாட்டி தமிழ்ச் சிறுகதையின் மிகச் சிறந்த மூதாட்டிகளில் ஒருவர். மகனை மீறி, மறுமணம் செய்துகொள்ளும் பேத்தியின் பக்கம் போகிறார். மகத்தான முடிவு. ஆனால் அவருக்கு மகன் உண்டு, பேத்தி உண்டு, பல காலமாகத் தலைமழிக்கும் நாவிதரோடுகூட ஒரு நேசம் உண்டு. தன் வயதில் ஒரு கூட்டாளி மட்டும் இல்லை. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் ஜமுனாவை நொறுங்கிவிடாமல் பிடித்து நிறுத்துவது பக்கத்திலிருக்கும் டீச்சரம்மா. அதைத் தண்ணீர்ப் பஞ்சத்தின் குறியீட்டு நாவலாக வாசித்துக் குவித்த கட்டுரைகளில் பத்தில் ஒரு பங்கு அந்த இரு பெண்களின் நட்பைப் பற்றி வந்திருந்தால் மகிழ்ந்திருப்பேன். பாமாவின் 'சங்கதி'யும் (1994) சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யும் (2004) வந்த பிறகுதான் பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சே நாவலின் உடலாக முடியும் என்பது தெரிந்தது. அவற்றுக்குக் கிடைத்த முதல் வரவேற்பில் கணிசமானது, இது இலக்கியமா, அந்தரங்கத்தைத் தெருவில் போடலாமா என்ற முகச்சுளிப்பு. மீண்டும் அந்த 'வம்பு'தான், வேறு சொற்களில்.

மிச்சமிருப்பவை முதியோர் இல்லக் கதைகள். அமெரிக்காவில் மகன், இல்லத்தில் அம்மா, கடைசி வரியில் கண்ணீர். பத்திரிகைகளின் சிறுகதைப் போட்டிகள் இந்த அச்சில் வார்த்தெடுத்த கதைகளுக்குக் கணக்கில்லை. இக்கதைகளின் மீதான என் கோபம் அவற்றின் மிகையுணர்ச்சி பற்றியதன்று. முதிய பெண்ணுக்கு வரக்கூடிய ஒரே இழப்பு மகனை இழப்பது என்று அவை ஒரு தலைமுறைக்குக் கற்பித்துவிட்டன. அதனால் அக்கதையின் எதிர்ப்பக்கத்தை நாம் மகிழ்ச்சியான முடிவாக எண்ணுகிறோம். மகன் ஊருக்கு வருகிறான். "இனிமே தனியா கிடக்க வேண்டாம்மா" என்கிறான். வீட்டைப் பூட்டி, அம்மாவைச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அழைத்துப் போகிறான். நல்ல பிள்ளை என்று ஊர் சொல்கிறது. ஐம்பது ஆண்டுக் கூட்டாளி வாசலில் நின்று கையசைக்கிறாள். ஏழாவது மாடியில், மொழி தெரியாத லிஃப்டுக்காரரைத் தவிர முகம் பார்க்க ஆளில்லாமல், அந்த அம்மா முதன்முறையாகத் தனியாகக் கிடக்கிறாள். 'தனியாக' என்ற சொல்லுக்கு 'குடும்பத்தார் இல்லாமல்' என்று மட்டுமே பொருள் கொண்டதால் வந்த வினை இது.

அன்பில்லாத பிள்ளைகள் என்று இவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அம்மா கீழே விழுந்தால் யார் தூக்குவது என்ற அச்சம் நியாயமானது. ஆனால் இத்தனை நாள் தூக்கியது யார் என்று கேட்டுப் பார்த்தார்களா? அரசு மருத்துவமனையின் பெண்கள் பிரிவில் இரவு கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருப்பவர்களில் மகள்கள் எத்தனை பேர், மருமகள்கள் எத்தனை பேர், 'பக்கத்து வீட்டுக்காரி' எத்தனை பேர் என்று ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

சட்டமும் இதே கண்ணாடியைத்தான் அணிந்திருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. பிள்ளைகளுக்கும், சொத்துக்கு வாரிசாகும் உறவினருக்கும் கடமை விதிக்கிறது. தேவையான சட்டம்தான். தோழிக்கு அதில் இடமில்லை, இருக்க வேண்டும் என்று கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை. பெண்களின் நட்பை அடையாளம் கண்டுகொண்ட ஒரே நிறுவனம் கடன் நிறுவனம். 1989இல் தருமபுரியில் பன்னாட்டு உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கியபோது இருந்த நோக்கம் உயர்ந்தது, பயனும் சிறிதில்லை. ஆனால் பின்னால் வந்த தனியார் நுண்கடன் நிறுவனங்கள், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற விதியால், நட்பையே பிணையாக எழுதி வாங்கிக்கொண்டன. வாசலில் கூடியவர்கள் தவணை நாளில் ஒருத்தி வீட்டு வாசலை மறித்து உட்கார நேர்ந்தது. பீடித்தட்டில் இலை மாறியபோது வட்டி இருந்ததில்லை.

சாவுச் சடங்கைவிட இதைத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. மகனுக்குக் கொள்ளி, பேரப்பிள்ளைகளுக்கு நெய்ப்பந்தம், பிறந்த வீட்டாருக்குக் கோடி என்று ஒவ்வோர் உறவுக்கும் ஓர் இடமுண்டு. நாற்பது ஆண்டுகள் பேசாதிருந்த தம்பி வந்து கோடி போடலாம். நேற்றிரவு வரை கஞ்சி ஊட்டியவளுக்கு ஒரு சடங்கும் இல்லை. அவளுக்கு மிஞ்சியது ஒப்பாரி மட்டும். பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து வட்டமாக அமர்ந்து அழும்போது அவள் குரலும் அதில் ஒன்று. மகளாக, தங்கையாக, மருமகளாகப் பாடும் பாடல்களுக்கிடையே உறவில்லாத ஒருத்தி தன் சோட்டுக்காரியை விளித்து என்ன பாடுகிறாள் என்பதைத் தனியாகக் கேட்டுத் தொகுப்பவர்கள் வரவேண்டும்.

நம்பிக்கைக்கும் ஓர் இடமிருக்கிறது. 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அறிவிக்கப்பட்டது. 'ஓசி' என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. வேலைக்குப் போகும் பெண்களுக்கு மாதம் எவ்வளவு மிச்சம் என்று கணக்கிட்டவர்களும் உண்டு. வேலைக்குப் போகாத, எந்தக் கணக்கிலும் வராத கிழவிகள் அந்தப் பேருந்தில் எங்கே போகிறார்கள் என்பதை அதிகம் பேர் எழுதவில்லை. மகள் வீட்டோடு அடுத்த ஊருக்குக் குடிபோன கூட்டாளியைப் பார்க்கவும் போகிறார்கள். போகவர ஆகும் ரூபாய்க்காகப் பிள்ளையிடம் கையேந்தி, "அங்க உனக்கு என்ன ஜோலி?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த பயணம் அது. 'சும்மா பார்க்க' என்பது எந்த மகனும் ஏற்றுக்கொள்ளும் காரணமாக இருந்ததில்லை. டவுன் பஸ் நடத்துநர் காரணம் கேட்பதில்லை.

எழுதுகிறவர்களிடம் கேட்பது, மூதாட்டியை மகனுக்கும் மருமகளுக்கும் நடுவே மட்டும் நிறுத்தாதீர்கள் என்பது. விமர்சகர்களிடம் கேட்பது, அடுத்த முறை நட்பு பற்றிய கட்டுரையில் தேவந்தியின் நடையையும் மாதரியின் தீயையும் கவுந்தியின் நோன்பையும் அவற்றுக்குரிய தலைப்பில் வையுங்கள் என்பது. பிள்ளைகளிடம் கேட்பது எல்லாவற்றையும்விட எளியது. அம்மாவின் மருந்துச்சீட்டையும் ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் பையில் எடுத்து வைப்பதற்கு முன்னால், அந்தத் தெருவில் யாரைப் பிரிந்தால் அவளுக்குத் தாங்காது என்று ஒருமுறை அவளிடமே கேளுங்கள். அவள் ஒரு பெயர் சொன்னால், வீட்டைப் பூட்டுவதைப் பற்றி அதன்பிறகு பேசலாம்.